தோப்பு வீட்டுக்கு வருடா வருடம்: ஆற்றங்கரைக் குடும்ப வீட்டைப் பூட்டி, திறந்து, தங்கிவர ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில், தாமிரபரணியின் தென்கரையில் எங்கள் தோப்பு வீடு இருக்கிறது. வாழைத் தோட்டத்தின் காவலுக்காகத் தாத்தா கட்டியது. ஒரு தார்சா (முன்கட்டு), ஒரு பட்டாசல் (கூடம்), ஓர் அடுக்களை, மேலே ஓடு. கழிப்பறையும் மோட்டாரும் பிறகு வந்தவை. புறவாசலைத் திறந்தால் நாற்பது எட்டில் படித்துறை. தாத்தாவும் ஆச்சியும் போன பிறகு அங்கே யாரும் நிரந்தரமாக இல்லை. நாங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை நாலு பேரும் குடும்பத்தோடு வருடத்துக்கு ஒருமுறை போய் ஆறு நாள் தங்குகிறோம்.

இப்படி ஒரு வீடு பல குடும்பங்களில் இருக்கிறது. பெரும்பாலும் கதை ஒன்றுதான். முதல் இரண்டு வருடம் எல்லாரும் ஆசையாக வருவார்கள். மூன்றாம் வருடம் கரையான் ஏறிய கதவைப் பார்த்துவிட்டு லாட்ஜில் ரூம் போடுவார்கள். ஐந்தாம் வருடம் “பேசாம வித்துரலாமா?” என்று யாராவது சாப்பாட்டுக்கு நடுவில் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள், கேட்டது நான்தான். அதைத் தாண்டி வந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அடுத்த வருடம் நல்லபடியாக வந்து சேருவதற்கான முதல் வேலை இந்த வருடம் கிளம்பும் நாளில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில், பூட்டும் நாள்

சாயங்காலம் ரயில் என்றால் மதியம் சாப்பிட்டுவிட்டு மூட்டை கட்டலாம் என்று நினைக்காதீர்கள். பூட்டுவதற்கென்று அரை நாள் முழுசாக ஒதுக்குங்கள். ஒரு வருடம் நாங்கள் அரை மணி நேரத்தில் பூட்டிக்கொண்டு ஓடினோம். டிரம்மில் ஒரு கிலோ அரிசி மிச்சம் இருந்தது. அடுத்த தையில் திறந்தபோது அதில் அரிசியே இல்லை, வண்டு மட்டும் இருந்தது. அரிசிக்கு வந்த எலி மோட்டார் வயரையும் கடித்து வைத்திருந்தது.

அதிலிருந்து அடுக்களையில் ஒரு மணி தானியம்கூட விடுவதில்லை. ஜாடியில் கல்லுப்பு மட்டும் இருக்கும். மிச்ச அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குப் போய்விடும். சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைக்கிறோம். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து கொசு போகாதபடி மூடுகிறோம். பாய், தலையணை, போர்வை வெயிலில் காய்ந்து, காய்ந்த வேப்பிலையோடு தகரப் பெட்டிக்குள் போகும். பிரிட்ஜ் எங்களிடம் இல்லை. ஆறு நாளைக்காக வாங்கவும் வேண்டாம் என்பேன்.

பலர் மறப்பது கழிப்பறையை. கோப்பையின் வளைவில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும். வற்றினால் செப்டிக் தொட்டியின் வாடையும் கரப்பானும் நேராக வீட்டுக்குள் வரும். கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய பிறகு மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. குளியலறைத் துவாரத்தையும் வாருகாலுக்கு (சாக்கடைக்கு) போகும் ஓட்டையையும் கம்பி வலை போட்டு அடையுங்கள். இப்படிப்பட்ட ஓட்டை வழியாகப் பாம்பு வரும்.

எல்லாம் முடிந்த பிறகு நோட்டு. பட்டாசல் மாடக்குழியில் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. கிளம்புகிறவர்கள் அடுத்து வருகிறவர்களுக்கு எழுதி வைக்க வேண்டும். ஒரு வருடத்துப் பக்கம் இப்படி இருக்கிறது: “ஓடு 14 உடைசல், வடமேற்கு மூலை. பெரிய வாளிக்குப் பிடி போச்சு. கொசுவலை ரெண்டும் கிழிசல், புதுசு வேணும். கோலப்பொடி இருக்கு. சின்னவன் செருப்பு பரண்ல.” அழகாக எழுத வேண்டியதில்லை. அடுத்த வருடம் என்ன வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று தெரிந்தால் போதும். பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவோம், நோட்டைக் கரையான் தின்றாலும் விஷயம் இருக்கும்.

பணமும் பங்கும்

இதைப் பேசச் சங்கடமாக இருக்கும். பேசாமல் விட்டால் இன்னும் சங்கடம். நாலு பேரும் மாதம் 500 ரூபாய் ஒரு கணக்கில் போடுகிறோம், வருடத்துக்கு 24,000. வீட்டு வரி, மின் கட்டணம், பார்த்துக்கொள்பவருக்கான பணம், ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் அதிலிருந்துதான். அந்த வருடம் வர முடியாதவரும் போட வேண்டும். இந்த ஒரு விதியில்தான் பெரிய சண்டை நடந்தது, இந்த ஒரு விதியால்தான் பிறகு சண்டை வரவில்லை.

மின்சாரம் ஆள் இல்லாத வீட்டில் தனிப் பாடு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருவார்கள். மீட்டர் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தால் எடுக்க முடியாது, பிறகு கணக்கு சிக்கலாகும். மீட்டரைத் தார்சாவுக்கு வெளியே மாற்றிவிடுங்கள். வீடுகளுக்கு ஓரளவு யூனிட் இலவசம் என்பதால் சும்மா கிடக்கும் வீட்டுக்குச் செலவு பெரிதாக வராது. ஆனால் பில் வந்தது தெரியாமல் விட்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டால் திரும்ப வாங்க அலைய வேண்டும். இணைப்பில் பதிந்திருக்கும் செல் நம்பர் உயிரோடு இருப்பவருடையதா என்று ஒருமுறை பாருங்கள். எங்கள் இணைப்பில் தாத்தா நம்பர்தான் ரொம்ப நாள் இருந்தது.

பட்டாவும் அதேபோலத்தான். பெரியவர் பெயரிலேயே கிடந்தால், வாரிசுச் சான்றிதழ் எடுத்துக் கூட்டுப் பட்டாவாக மாற்றுங்கள். எல்லாரும் சுமுகமாக இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

எந்த மாதம்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இதற்கு உண்டு. அதனால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஆற்றின் முகம் வேறு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். குற்றாலத்தில் சீசன் நடக்கும்போது இங்கேயும் காற்று குளிர்ந்துவிடும். கார் பருவ நெல் சாகுபடிக்குப் பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் கால்வாய்களிலும் ஓட்டம் இருக்கும். வயதானவர்களுக்கு இதுதான் சுகமான காலம். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி லீவு, ஆற்றில் பல இடங்களில் முழங்கால் தண்ணீர். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஓட்டுக்கூரைக்கு அடியில் பெரியவர்களுக்கு வேக்காடு.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. 1992 நவம்பர் வெள்ளத்தின் அடையாளத்தைத் தாத்தா தார்சா தூணில் ஆணியால் கீறி வைத்திருந்தார். “அதெல்லாம் அந்தக் காலம்” என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் வீட்டில் தண்ணீர் தாத்தாவின் கீறலுக்கு நாலு விரல் மேலே நின்றது. வீட்டில் அன்று ஆள் இல்லை. இப்போது தூணில் இரண்டு கீறல்.

எங்களுக்குப் பிடித்தது தை. ஆறு கலங்கல் தெளிந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். பிசானப் பருவ நெல் கதிர் வாங்கி நிற்கும். விடியற்காலையில் படித்துறைக்குப் போகத் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்ள வேண்டும்.

மாதம் முடிவானதும் நாளையும் ஒரேயடியாக முடிவு செய்துவிடுங்கள். வருடா வருடம் “எப்ப போகலாம்?” என்று குரூப்பில் கேட்க ஆரம்பித்தால் பதினோரு பேருக்குப் பதினோரு தேதி வரும். எங்களுக்கு தை மூன்றாம் வெள்ளி. வியாழன் இரவு ரயில், வெள்ளி காலை வீடு, புதன் இரவு திரும்ப ரயில். பிள்ளைகளுக்கு நாலு நாள் லீவு எடுக்க வேண்டியிருக்கும், பள்ளியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கல்யாணம், காய்ச்சல் தவிர வேறு காரணம் சொல்லக்கூடாது என்பது பேச்சு.

டிக்கெட்

ரயிலில் முன்பதிவுக் காலம் முன்பு 120 நாள். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அந்தக் காலையில் ஆளுக்கொரு போனோடு உட்கார வேண்டும். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை வந்து, செங்கோட்டை ரயிலில் மாறிக்கொள்ளலாம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எல்லாம் அந்தப் பாதையில்தான். மூட்டை அதிகமென்றால் பாபநாசம் பஸ். அல்வா வாங்குவதைத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வரும்போது வாங்கினால் மறுநாள் காலைக்குள் டப்பா காலி.

பத்து நாள் முன்னால் ஒரு போன்

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி இல்லாவிட்டால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் நடக்காது. அவருக்கு மாதா மாதம் பணம் போகிறது. வந்த இடத்தில் ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போகிற பழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது, அதை நிறுத்தினோம். மாதம் ஒருமுறை கதவு ஜன்னலைத் திறந்து காற்றுவிட்டு, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டுவது அவர் வேலை. ஓடாமல் ஒரு வருடம் கிடந்த மோட்டார் இறுகிப்போகும். அப்படி இறுகியதை ஒருவரிடம் காயில் (கம்பிச் சுற்று) கட்டக் கொடுத்து, அவர் இரண்டு முறை காசு வாங்கி, மூன்றாம் நாள் மறுபடி புகைந்த கதை எங்களிடம் இருக்கிறது.

போனில் கேட்க வேண்டியவை: ஓடு ஒழுகியதா, செடி கொடி சுவரில் ஏறியிருக்கிறதா, படித்துறையில் சேறு எப்படி, மலையிலிருந்து கரடி, பன்றி நடமாட்டம் உண்டா. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் பக்கம்தான். அடிவாரத்து ஊர்களில் கரடி வந்துபோவது புதிதல்ல. அவர் சொல்வதை வைத்து இரண்டு ஆள் விட்டுப் புல் வெட்டச் சொல்லுங்கள். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குத் தரை தெரிய வேண்டும்.

கொண்டுபோக

நோட்டின் போன வருடப் பக்கத்தைப் பாருங்கள், பட்டியல் அதுதான். அதோடு மருந்து, டார்ச், பவர் பேங்க், நல்ல கயிறு ஐம்பதடி. அரிசி பருப்பைச் சென்னையிலிருந்து தூக்கிக்கொண்டு வராதீர்கள். வழியில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சியில் எல்லாம் கிடைக்கும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் கிடைக்கும் ஊருக்கு அப்பளம் கொண்டுவந்த ஆளும் எங்கள் வீட்டில் உண்டு.

திறக்கும் காலை

எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே பாயக்கூடாது. பிள்ளைகள் வெளியே வேப்ப மரத்தடியில். பெரியவர் இருவர் மட்டும் உள்ளே போய் முதலில் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். காலில் செருப்பு, கையில் கம்பு, டார்ச். சுருட்டி வைத்த எதையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். பெட்டி மூலை, விறகு, கழிப்பறை மூலை, கதவு இடுக்கு எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். பாம்பு இருந்தால் அடிக்க வேண்டாம், வழி விட்டு விலகி, அண்ணாச்சியைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. அசையாமல் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்து மேலே பார்த்தபடி ஒரு சுற்று. ஓட்டில் வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் நோட்டில் ஏறும். பிறகு மெயின் சுவிட்ச், மோட்டார். குழாயில் முதலில் வரும் துருத் தண்ணீரை வாழைக்கு விட்டுவிடுங்கள். சிலிண்டர் மாட்டியதும் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழ் வந்தால் பற்ற வைக்கக்கூடாது. இவ்வளவும் ஒரு மணி நேர வேலை. அப்புறம் அக்கா பால் காய்ச்சுவாள். அதற்கு முன் யாரும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்பது ஆச்சி காலத்து ஏற்பாடு. அதில் சாமி காரியம் எவ்வளவு என்று தெரியாது, களைப்போடு தண்ணீரில் இறங்காமல் தடுக்கிறது என்பது தெரியும்.

ஆறு

எங்கள் படித்துறையில் 17 படி. தினமும் காலையில் முதலில் இறங்குகிற ஆள் தண்ணீருக்கு மேல் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணி, மேல்படியில் கரித்துண்டால் எழுத வேண்டும். பிள்ளைகள் இந்த வேலைக்குச் சண்டை போடுவார்கள். தையில் பெரும்பாலும் 11, 12. குளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு படி மூழ்கினால் எல்லாரும் கரைக்கு, கேள்வி கிடையாது. ஒரு வருடம் வானம் சுத்தமாக இருந்தது, ஒரு துளி மழை இல்லை. சின்னவன்தான் “பெரியப்பா, என் செருப்பு மிதக்குது” என்றான். அவன் செருப்பை வைத்த படி காலையில் காய்ந்துகிடந்த படி. கால் மணிக்குள் இன்னொரு படியும் போனது.

இது ஏன் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மலையில் பெய்யலாம். அணையில் திறப்பைக் கூட்டலாம். பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் தினமும் நீர்மட்டம் வரும், டீக்கடையில் பார்த்துவிடலாம். அணைகள் நிரம்பி நிற்கிற சமயம் என்றால் கூடுதல் கவனம். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, ஓசை மாறுவது மூன்றும் ஆறு கொடுக்கிற தாக்கல், அதாவது முன்னறிவிப்பு.

அணைக்கட்டுப் பக்கம் குளிக்கவே வேண்டாம். இந்த ஆற்றில் கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். தண்ணீர் வழிந்து விழும் இடத்தில் அடியில் சுழன்று இழுக்கும், மேலே பார்த்தால் தெரியாது. மணல் அள்ளிய குழிகளும் அப்படித்தான், இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையை விட்டுப் போய்விடும். போன வருடம் பத்திரமாக இருந்த இடம் இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு வெள்ளம் போதும், அடித்தரை மாறிவிடும். முதல் நாள் அண்ணாச்சி கம்போடு இறங்கி ஊன்றிப் பார்த்து, இரண்டு மூங்கிலை நட்டு எல்லை சொல்வார். அதற்குள்தான் குளியல்.

பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது கரையில் ஒருவர், குளிக்காமல், போன் பார்க்காமல் உட்கார வேண்டும். முறை வைத்து அரை மணி. பக்கத்தில் கயிறும் காற்றடைத்த லாரி டியூபும். யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள், டியூபை எறியுங்கள். நீச்சல் தெரிந்தவரையும் சேர்த்து இழுத்துவிடும். குடித்தவர் இறங்கக்கூடாது. மைத்துனர் ஒருவர் இதற்காக ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பரவாயில்லை.

சோப்பு, ஷாம்பு வீட்டுக் குளியலறையோடு. கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விடும் பழக்கத்தால் அங்கே மூட்டை மூட்டையாகத் துணி அள்ளுகிறார்கள். அதில் உங்கள் வேட்டி இருக்க வேண்டாம்.

மற்ற பொழுது

இங்கே சொல்ல அதிகமில்லை, அதுதான் சுகம். ஒரு வேளைச் சமையல் ஒரு குடும்பத்துக்கு, மற்றவர்கள் அடுக்களைப் பக்கம் போய் யோசனை சொல்லக்கூடாது. சனிக்கிழமை உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். ஒரு நாள் சொதி, தேங்காய்ப் பால் குழம்பு. மூன்று பால் எடுக்கத் தேங்காய் துருவ ஆள் வேண்டும் என்பதால் அன்று ஆண்கள் எல்லாருக்கும் வேலை உண்டு, கூட இஞ்சித் துவையல். போன் சிக்னல் தார்சாவில் மட்டும்தான் வரும். பூஸ்டர் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், ஓட்டெடுப்பு நடத்தினோம், வேண்டாம் என்று 9–2.

வெளியே போவது மொத்தத்தில் ஒரே ஒரு நாள். பாபநாசம், அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு, முண்டந்துறை என்று பட்டியல் போட்டால் வீட்டில் இருக்கவே மாட்டீர்கள். நான் சொல்வது திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம், நாறும்பூநாதர் கோவில், கரையெல்லாம் மருத மரங்கள். 2005-ல் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நாரைகள் ஊருக்கு நடுவே இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். சத்தம் போடாமல் நில்லுங்கள், வெடி வேண்டாம்.

ராத்திரி எச்சில் இலையை வெளியே வைக்காதீர்கள், பன்றி வரும். இருட்டிய பிறகு தோப்புக்குள் தனியாக நடப்பதும் கிடையாது.

புதன் காலை மறுபடி பூட்டும் வேலை. பாயெல்லாம் வெயிலுக்குப் போய்விட்டது. சாவி ஒன்று அண்ணாச்சியிடம், ஒன்று அக்காவிடம். இந்த வருடம் நோட்டு எழுதும் முறை சின்னவனுக்கு வந்தது. எழுதியிருப்பது இது: “ஓடு 6 உடைசல். மூங்கில் 2 அண்ணாச்சி வீட்ல. தண்ணி கடைசி நாள் 12 படி. கோலப்பொடி தீந்து போச்சு. என் செருப்பு இந்தத் தடவை பரண்ல இல்ல, கால்ல இருக்கு.”